கேட்டால் மட்டும் பேசியவர்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் காலையில் வரும் ஒரு தனியார் பஸ்ஸில், ஆலையில் என்னோடு வேலை பார்த்த அந்த அக்கா ஏறவே மாட்டார். ஊருக்குப் போய்த் திரும்பும் திங்கட்கிழமைகளில் அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். ஆலைக்கு வரத் தாமதமாகும், கேட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். மழை கொட்டினாலும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாரே தவிர, அந்தப் படிக்கட்டில் கால் வைக்க மாட்டார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தேன் பாரு, அன்னிக்கு அந்த வண்டியிலதான் ஏறினேன். பூலாம்பாடியிலேருந்து கூட்டத்துல நசுங்கி வந்து, பெரம்பலூருல மாறி, ஜன்னலோரமா ஒரு எடம் கெடச்சுது. கண்டக்டர் வந்து, 'எந்திரிம்மா, அப்புடிப் போய் நில்லு'ன்னான். அவனுக்குத் தெரிஞ்ச பெரிய வூட்டு ஆளு ஏறியிருந்தாரு. எந்திரிச்சேன். அரியலூரு வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்."

"அது ரொம்ப வருஷம் ஆச்சேக்கா."

"ஆவட்டும்."

ஒரு நாள் பெரம்பலூரில் பிரிண்டர் ரிப்பன் வாங்கிக்கொண்டு ஆலை ஜீப்பில் அவரும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு புளியமரத்தடியில் அதே பஸ் ஆக்சில் முறிந்து நின்றது. வெயிலில் ஜனங்கள் சாலையில் நின்றிருந்தார்கள். அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் அவள் மாமியாரையும் மூட்டை வைத்திருந்த ஒரு பெரியவரையும் ஏற்றிக்கொண்டார். அன்று அவரை எழுப்பிவிட்ட அதே கண்டக்டரும் ஓடி வந்தான். "மேடம், நானும் ஏறிக்கிறேங்க. ஓனருகிட்ட தாக்கல் சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். அவர் அந்த இடத்தைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார்.

"நிக்கிறதுக்கு எடம் இல்லீங்க. உக்கார்றதுக்குத்தான் இருக்கு" என்றார். பிறகு டிரைவரிடம், "போலாங்க" என்றார்.

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் புழுதியில் நின்றான். அவர் வழியெல்லாம் அந்தக் கர்ப்பிணியிடம் எத்தனையாவது மாசம், எங்கே பிரசவம் என்று அன்பாக விசாரித்துக்கொண்டே வந்தார்.

நல்லது செய்தவர்களையும் அவர் அப்படியேதான் நினைவில் வைத்திருந்தார். அரியலூர் ரயிலடியில் பூ விற்கும் ஒரு பெண்மணி, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தாளாம். அவர் பூ வைத்துக்கொள்கிறவர் இல்லை. ஆனாலும் தினமும் அவளிடம் ஒரு முழம் வாங்குவார். அது எங்களில் யார் தலைக்காவது வந்துவிடும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது, ஆலைக்குப் போவதற்கு முன்னால் நாள் தவறாமல் கீழாநெல்லியை அரைத்து எடுத்து வந்து கொடுத்தவர் அவர்தான். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார்: "நான் குவாரியிலேருந்து திரும்பி வந்த அன்னிக்கு, இந்த ரூமுல எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது நீ ஒருத்திதான்."

எனக்கு அது நினைவில்கூட இல்லை.

நான் அந்தச் சிமெண்ட் ஆலையில் டேட்டா அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தபோதுதான் அவர் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து திரும்பி வந்தார். எண்பதுகளின் பிற்பகுதி. ஆலை முழுக்க வெள்ளைப் புழுதி, மரங்களின் இலைகூட வெள்ளை. எங்கள் அறை ஒன்றுதான் ஏ.சி.யும் இரட்டைக் கதவுமாகப் புழுதி இல்லாமல் இருக்கும். உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு கேபினெட். இன்றைக்கு சர்வர் என்கிறார்களே, அதுதான். நாங்கள் 'மெயின் மெஷின்' என்போம். அதிலிருந்து ஒயர்கள் கிளம்பி ஸ்டோர்ஸ், எடைமேடை, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் என்று போய், அங்கங்கே பச்சை எழுத்து ஒளிரும் டெர்மினல்களில் முடியும். கேபினெட்டுக்குள் புத்தக அலமாரியில் புத்தகம் செருகியதுபோலக் கார்டுகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று பிராசஸர் கார்டு. மெஷினுடைய மூளை அதுதான். ஒரே மூளை அத்தனை டெர்மினலுக்கும் பதில் சொல்ல வேண்டும். காலையில் லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் ஒரு பில் வெளியே வருவதற்குள் லாரி டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் இரண்டாவதாக ஒரு பிராசஸர் கார்டு போட வேண்டும் என்ற பேச்சு நான் வருவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அந்த அறையின் எஞ்சினியர். திருச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேச அவருக்குக் கூச்சம் எல்லாம் கிடையாது. "எங்க தெருவுல மொதமொதல்ல கரண்டு வந்தது என் படிப்பாலதான்" என்பார். எங்களுக்கு மேலே ஒரு மேனேஜர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், கையில் எப்போதும் ஒரு பென்சில். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு எல்லாருக்கும் ஸ்வீட் கொண்டுவருவார். ஆனால் அறையில் ஒரு தப்பு நடந்தால் அது தன்னுடையதாக இருக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவரும் மேனேஜரும் பேசிக்கொள்ளும் விதம் எனக்கு முதலில் வினோதமாக இருந்தது. மேனேஜர் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்வார், அளந்து, மரியாதையாக. கேட்காவிட்டால் ஒரு வார்த்தை வராது. ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் போனில் கூப்பிட்டு, மீட்டிங்கை முன்னாலேயே வைத்துவிட்டதாக மேனேஜரிடம் சொல்லச் சொன்னார். அக்கா குறித்துவைத்துக்கொண்டார். மேனேஜர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், பென்சிலைச் சீவிக்கொண்டு. அக்கா வாயைத் திறக்கவில்லை. "எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?" என்று மேனேஜர் கேட்டபோது மீட்டிங் முடிந்திருந்தது. "வந்துச்சு சார்" என்று முழு விவரத்தையும் சொன்னார்.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். சுண்ணாம்புக்கல் பூமி அது, தேளுக்குக் குறைவே இல்லை. மேனேஜரின் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த துண்டின்மேல் ஒரு தேள் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் முன்னால் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சாய்ந்தால் தீர்ந்தது. நான் பேப்பர் கட்டோடு உள்ளே வந்தவள் பார்த்துவிட்டு அலறினேன். மேனேஜர் துள்ளி எழுந்தார். யாரோ செருப்பால் அடித்துக் கொன்றார்கள்.

அக்கா எதிர்நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வருவதற்கு முன்பே பார்த்திருக்கிறார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏங்க்கா, சொல்லக் கூடாதா?"

"கேட்டாரா?"

"தேள் இருக்கான்னு யாராச்சும் கேப்பாங்களா?"

"நான் கேட்டா மட்டும் பேசுன்னு ஆர்டர் போட்டிருக்காரு புள்ள. மீறலாமா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பளிச்சென்ற அழகான சிரிப்பு. அன்று இரவு எனக்கு அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது.

அந்த ஆர்டரின் கதையை எனக்குச் சொன்னவர் ஆலையின் எலக்ட்ரீஷியன். நான் சேர்வதற்கு முந்தைய வருடம், இரண்டாவது பிராசஸர் கார்டு முதல்முறையாக வந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பிடித்தபோது, வெள்ளித் தகட்டில் ஊர் வரைபடம் கீறினதுபோல இருந்ததாம். கார்டைத் தொடுகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதை எர்த்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் இருக்கும் துளி மின்சாரம்கூட அதைக் கெடுத்துவிடும். அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு கார்டைத் தயார் செய்தார். மேனேஜர் முன்பக்கச் சாவியைத் திருப்பினார். விளக்குகள் அணைந்தன. ஆனால் அந்தச் சாவி மெஷினைத் தூங்கத்தான் வைக்கும். கேபினெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் மெயினை இறக்கினால்தான் கார்டுகளுக்குப் போகும் கரண்டு நிற்கும்.

"சார், பின்னாடி மெயின் இன்னும் ஆன்ல இருக்கு" என்றாராம் அவர்.

ஜெனரல் மேனேஜர் வெளியே வராந்தாவில் காத்திருந்தார். மேனேஜருக்கு அவசரம். "எனக்கு நீ பாடம் நடத்துறியா? களை பறிச்ச கைக்கு இதைத் தொடக் குடுத்ததே பெருசு. இனிமே நான் கேட்டா மட்டும் பேசு" என்று சொல்லி, கார்டை அவர் கையிலிருந்து வாங்கித் தானே செருகினார்.

"டப்புனு ஒரு சத்தம்மா. அவ்ளோதான். புளிச்ச மாதிரி ஒரு வாடை" என்றார் எலக்ட்ரீஷியன். "வராந்தாவுலேருந்து பெரியவரு ஓடியாந்தாரு. நம்ம மேனேஜரு ஒடனே, 'இந்தம்மா பட்டை கட்டாம தொட்டுட்டாங்க சார்'னுட்டாரு. அப்பவும் அந்தம்மா கையில பட்டை கட்டித்தான் இருந்துச்சு. யாரு பாத்தா? நானும் பேசல. எனக்கு நாலு புள்ளைங்க."

மறுநாளே அவரைக் குவாரி எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல், தகரக் கொட்டகையில், லாரி எண்ணைக் கூவிச் சொல்லிக்கொண்டு. புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர், எஞ்சினியர் ஏன் எடைமேடையில் இருக்கிறார் என்று கேட்டுத்தான் திரும்ப அழைத்தார்.

அக்கா எலக்ட்ரீஷியனை வெறுக்கவில்லை. "அவரு பொய் சொல்லல, சும்மா இருந்தாரு. அது வேற" என்றார். தன் கோபத்தைச் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஆளுக்கென்று வைத்திருந்தார். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாவது கார்டு மறுபடியும் வரவழைக்கப்பட்டது. இந்தத் தடவை ஆலையின் நிர்வாக இயக்குநரே மெட்ராஸிலிருந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மெஷின் கம்பெனியின் எஞ்சினியர் வந்து போட்டுக்கொடுக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்று தந்தி வந்தது. மேனேஜர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பெங்களூருல ட்ரெய்னிங் போனது நான்தானே. நானே போட்டுடுறேன்" என்றார்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

கார்டு போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் டேப் டிரைவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னக்கா, போகலையா?" என்றேன். "நீ போ, வந்துடுறேன்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, இயக்குநர், ஜெனரல் மேனேஜர், இன்னும் சில பெரிய மனிதர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் பின்னால் நின்றோம். மேனேஜர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டார். நேராகப் பின்பக்கம் போய் மெயினை இறக்கினார், விசிறிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். அந்தப் பாடம் அவருக்கு நன்றாகவே ஏறியிருந்தது. திரும்பி வரும்போது அக்காவைப் பார்த்து லேசாகப் புன்னகைத்ததாகக்கூட எனக்குப் பட்டது.

கார்டை உறையிலிருந்து எடுத்தார். அதன் ஓரத்தில் அரிசி அளவில் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பிராசஸர் கார்டுக்கும் அது முதலாவதா இரண்டாவதா என்பதை அந்த ஸ்விட்சுகளில்தான் சொல்லிவைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாக் கார்டும் முதலாவது என்றுதான் வரும். நாம்தான் ஊசி முனையால் தள்ளி மாற்ற வேண்டும். மாற்றாமல் போட்டால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பத் தலைவர்கள் ஆகிவிடும். இரண்டும் தான்தான் முதல் என்று, கணக்கெல்லாம் சேர்ந்திருக்கும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அக்காவுக்கு அன்றே தெரியும்.

மேனேஜர் கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். இயக்குநருக்கு அதை ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு இரண்டு ஓரத்தையும் பள்ளத்தில் பொருத்தி மெல்ல உள்ளே தள்ளினார். ஸ்விட்சுகளைத் தொடவில்லை.

நான் தற்செயலாக அக்கா முகத்தைப் பார்த்தேன். கண் கார்டின் ஓரத்திலேயே இருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மேனேஜர் நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினார். அவருடைய கண்களும் மேனேஜரின் கண்களும் நேருக்கு நேர் சந்தித்தன. அவர் முகத்தைச் சற்றே உயர்த்தினார். கேளுங்கள், சொல்கிறேன் என்பதுபோல.

"அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு" என்றார் மேனேஜர்.

எடுத்துக் கொடுத்தார். கைப்பிடியை மேனேஜர் பக்கம் திருப்பி, மரியாதையாக.

திருகிவிட்டு மெயினை ஏற்றினார். விசிறி ஓடியது, விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். டெர்மினலில் பச்சை எழுத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டாக வந்தது. பிறகு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலைந்தன. பிறகு ஒன்றும் இல்லை. ஸ்டோர்ஸிலிருந்து போன், டெஸ்பாட்ச்சிலிருந்து போன். மேனேஜர் நிறுத்தினார், மறுபடி போட்டார், மறுபடி நிறுத்தினார். போடப் போட டிஸ்க்கில் மிச்சமிருந்ததும் அழிந்தது.

"பேக்கப் டேப் இருக்கா?" என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார். மேனேஜரிடம்தான் கேட்டார்.

"போன மாசத்தது இருக்கு சார்" என்றார் மேனேஜர்.

இயக்குநர் எழுந்து போனார். அந்தச் செருப்புச் சத்தம் இரட்டைக் கதவு தாண்டியும் கேட்டது.

அடுத்து வந்த வாரங்கள் எங்களுக்கு நரகம். காய்ச்சல் தெளிந்து வந்த கம்பெனி எஞ்சினியர் புதுக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய ஒற்றை மூளையோடு மெஷினை ஓட்டிக்கொடுத்தார். தொலைந்துபோன ஒரு மாதத்து விவரங்களையும் பழைய காகிதங்களைப் பார்த்து நாங்கள் மறுபடி அடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை. என் வலதுகை விரல்கள் வீங்கி, சாதம் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, மீன்சுருட்டி ஊர்க்காரி, தன் தங்கை கல்யாணத்துக்கே போக முடியாமல் டெர்மினல் முன்னால் அழுதுகொண்டே அடித்தாள். அவரும் எங்களோடு உட்கார்ந்து அடித்தார். அந்தப் பெண்ணுக்குக் காபி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

விசாரணை நடந்தது. கம்பெனி எஞ்சினியர் ஸ்விட்சைக் காட்டிச் சொல்லிவிட்டார். பேச்சோடு பேச்சாக, முதல் கார்டு எரிந்த கதையையும் எலக்ட்ரீஷியன் இப்போது துணிந்து சொன்னார். மேனேஜரை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

மேனேஜர் போன மறுநாள் ஜெனரல் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். நாங்கள் அடித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "இதுக்கு வேற ஏதாச்சும் வழி இருக்காம்மா?" என்றார்.

"இருக்கு சார்" என்றார் அவர்.

மேஜையின் கீழ் டிராயரைத் திறந்து ஒரு டேப்பை எடுத்து வைத்தார். கார்டு போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் எடுத்த டேப். அழிந்துபோனதெல்லாம் அதில் முழுசாக இருந்தது.

ஜெனரல் மேனேஜர் டேப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

மத்தியானத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பிறகு அக்கா மெயினை இறக்கிவிட்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு புதுக் கார்டை எடுத்தார். ஊசி முனையால் ஒரு ஸ்விட்சைத் தள்ளினார். வெள்ளைத் துணியால் கார்டின் விளிம்பைத் துடைத்தார். குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோலப் பள்ளத்தில் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தினார். கிளிக் என்று உட்கார்ந்தது. மெயினை ஏற்றினார். திரையில் ஒரு பிராசஸர், இரண்டு பிராசஸர் என்று வரிசையாக வந்தன. எங்கள் டெர்மினல்கள் அதுவரை நாங்கள் காணாத வேகத்தில் பதில் சொல்லத் தொடங்கின. யாரும் கைதட்டவில்லை. நாங்கள் எல்லாரும் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் கேட்டில் அவரை நிறுத்தினேன். வீங்கிய விரல்களை நீட்டினேன். "நாங்க என்னக்கா பண்ணினோம் ஒங்களுக்கு?"

என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒன்னும் பண்ணல புள்ள. ஆனா டேப்பு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அவரைக் கண்டிச்சிட்டு வுட்டிருப்பாங்க. அனுப்பியிருக்க மாட்டாங்க." மறுநாள் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து என் விரல்களில் தடவிவிட்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, முன்போல அவரிடம் பேசவும் என்னால் முடியவில்லை.

மேனேஜரின் இடம் அவருக்கே வந்தது. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து மேனேஜர் ஆலைக்கு வந்தார், ஏதோ கையெழுத்துப் பாக்கிக்காக. இளைத்திருந்தார். சட்டையில் மடிப்பு இல்லை. வேலை முடிந்ததும் எங்கள் அறைக் கதவைத் தயங்கித் திறந்தார். நான் எழுந்து நின்றேன். அக்காவும் எழுந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார்.

மேனேஜர் உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒன்னு கேக்கணும்மா. அன்னைக்கு அந்த ஸ்விட்சை நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

மேனேஜர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதத் தடவை, மெயின் ஆன்ல இருக்குன்னு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேக்கலன்னு வூட்டுலகூடச் சொல்லிட்டு இருந்தேன். நல்லாவே கேட்டுச்சு. பேசினதும் தப்புதான். களை அது இதுன்னு... அந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்? என்னை மன்னிச்சுடு."

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். இத்தனை காலம் காத்திருந்தது இதற்குத்தானே, இப்போது கொஞ்சமாவது இளகுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த வார்த்தைக்காக இல்ல சார்" என்றார். "எங்கம்மாவுக்காக."

"உங்கம்மாவா?"

"என்னைக் குவாரிக்கு மாத்துனதும், ஊருல நான் கம்பெனி மெஷினை ஒடச்சிட்டேன்னு பேச்சாயிடுச்சு. அம்மா பூலாம்பாடியிலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்து, இங்க கேட்டுல ஒங்களுக்காக நின்னுச்சு. நீங்க ஸ்கூட்டரை நிறுத்துனீங்க. ஒங்க கால்ல வுழுந்து, 'என் மவ செஞ்ச தப்பை மன்னிச்சிடுங்க சாமி'ன்னு கும்புட்டுச்சு. நீங்க, 'சரி சரி, எந்திரி. இனிமே ஒழுங்கா இருக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போனீங்க." அவர் குரல் அதுவரை நான் கேட்டிராத மாதிரி உடைந்தது. "நான் குவாரியில இருந்தப்பவே செத்துப் போச்சு. சாவுற வரைக்கும் நான்தான் ஒடச்சேன்னு நெனச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் சொல்லச் சொல்ல நம்பல. பெரிய மனுசரு அவரு வாயாலயே மன்னிச்சாருடின்னுச்சு."



மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். நேர்மையாகத்தான் யோசித்தார், அது எனக்குத் தெரிந்தது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"எந்த அம்மா? கேட்டுல தினம் யாராச்சும் நிப்பாங்களேம்மா... எனக்கு ஞாபகம் இல்லையே."

 முதல்முறையாக, மேனேஜர் கேட்ட ஒரு கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. டீ வந்தது. யாரும் தொடவில்லை. மேனேஜர் எழுந்து, இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா ஜன்னலோரம் போய் நின்றார். நானும் போய் நின்றேன். வெளியே வெள்ளைப் புழுதியில் மேனேஜர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அதுவரை அந்த மனிதரைப் பற்றி மரியாதை குறைத்து ஒரு வாக்கியம்கூட அக்கா பேசி நான் கேட்டதில்லை.

"எதுக்குன்னே தெரியாம போறான் பாரு" என்றார்.

கண்ணாடியில் அவர் விரல்கள் பதிந்திருந்த இடம் பனித்துக் கிடந்தது. மேனேஜர் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். டெஸ்பாட்ச்சிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் போய் எடுத்தேன்.